ராக் மேடையில் ஒரு காவடிப் பாட்டு

பூர்வீகம் தஞ்சாவூர். பிறந்தது லண்டன். வளர்ந்தது ஆஸ்திரேலியா. முதலில் கற்றது கர்நாடக சங்கீதம். பள்ளிப் பருவம் முடிவதற்குள் தாவியது ராக் இசைக்கு. நாற்பது வயதை நெருங்கும்போது வந்து நின்ற இடமோ முருகன் சன்னதி!

இப்படி ஒரு பாடகி இருக்கிறார். பெயர் சுசீலா ராமன்.

தங்கவயலில் இந்தப் பெயரைச் சொன்னால், "பி.சுசீலா தெரியும். இது யாரு?" என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை. இவர் தமிழ் சினிமாவில் பாடிப் புகழ் பெற்றவர் அல்ல. சபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடுகிறவரும் அல்ல. ஐரோப்பிய நகரங்களின் மேடைகளில், கிதாரும் தபேலாவும் முழங்க, நின்றபடி, தலைமுடி பறக்க ஆடிக்கொண்டே பாடுகிறவர். பாடுவது என்ன தெரியுமா? தியாகராஜர் கீர்த்தனை! வேல் முருகன் பாட்டு!

அவரைப் பற்றித் தங்கவயல் வாசகர்களுக்கு எழுதுவானேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைத் தொடங்கிய பிறகு, நம் பாட்டன் பூட்டன்மார் வடஆற்காட்டிலிருந்தும், சேலத்திலிருந்தும், சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தார்கள். அந்த மூட்டையில் பாத்திர பண்டம் இருந்ததோ இல்லையோ, பாட்டு இருந்தது. மாரியம்மன் தாலாட்டு, ஒப்பாரி, தெருக்கூத்துப் பாட்டு, காவடிப் பாட்டு எல்லாம் அப்படி வந்தவைதாம்.

இன்று நான்காவது, ஐந்தாவது தலைமுறை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கன்னடமும் ஆங்கிலமும். வேலை பெங்களூரில். வீட்டில் மட்டும் தமிழ். "பாட்டி பாடின பாட்டு ஒண்ணு பாடுடா" என்றால் பையன் செல்போனைத் தேடுகிறான். பிழைக்க வந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குத் தாய்மொழிப் பாட்டு எதற்கு என்ற கேள்வி நம் ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு லண்டனில் ஒரு பெண் தன் தொண்டையாலேயே பதில் தேடியிருக்கிறார்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அவர் குடும்பம் சங்கீதம் அறிந்த குடும்பம். 1960-களில் கடல் கடந்து லண்டனில் குடியேறியவர்கள் அவருடைய பெற்றோர். நம் முன்னோர் சுரங்கத்தில் இறங்க வந்தவர்கள். இரண்டும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால், வேறு பாதையில் நடந்த அவர் எந்தப் பாட்டைத் தேடி வந்தார் என்பதில்தான் சுவை இருக்கிறது.

"சோலோ" என்றால் என்ன?

ராக் இசையைப் பற்றி நாலு வார்த்தை. 1950-களில் அமெரிக்காவில், கறுப்பின மக்களின் 'புளூஸ்' பாட்டிலிருந்து கிளைத்தது ராக். மின்சார கிதார் இரண்டு, டிரம் ஒன்று, உரத்த குரல் ஒன்று. 1960-களில் பீட்டில்ஸ் குழுவினர் அதை உலகெங்கும் கொண்டுபோனார்கள். நாளடைவில் அது பெரிய கம்பெனிகளின் பெரிய வியாபாரமாயிற்று. 1970-களின் பிற்பகுதியில் லண்டனிலும் மான்செஸ்டரிலும் சில இளைஞர்கள், "எங்களுக்கு உங்கள் கம்பெனியும் வேண்டாம், உங்கள் பளபளப்பும் வேண்டாம்" என்று சின்னச் சின்ன நிறுவனங்கள் மூலம் தங்கள் இசைத்தட்டுகளைத் தாங்களே வெளியிட்டார்கள். அந்த வழியில் வந்தவர்களின் இசைக்குப் பின்னாளில் 'ஆல்டர்நேட்டிவ் ராக்' என்று பெயர் விழுந்தது. ராஜபாட்டையை விட்டு ஒற்றையடிப் பாதையில் போன ராக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இசையில் குழுதான் எல்லாம். நாலு பேர் சேர்ந்து ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். கொஞ்ச காலத்தில் மனஸ்தாபம் வரும். பிரிவார்கள். பாடகர் தன் சொந்தப் பெயரில் பாடத் தொடங்குவார். அதுதான் 'சோலோ'. மான்செஸ்டரின் 'ஸ்மித்ஸ்' குழு 1987-ல் கலைந்தது. அதில் பாடிய மாரிசி மறு வருடமே தனியாக ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்.

நம் ஊர் மெல்லிசைக் குழுக்களிலும் இது நடப்பதுதானே? நன்றாகப் பாடுகிற பையன் ஒருநாள் தனிக் குழு ஆரம்பிப்பான். போஸ்டரில் அவன் படம் மட்டும் பெரிதாக இருக்கும். கல்யாண சீசன் முடிந்ததும், கீ-போர்டு வாசிப்பவருக்குப் பணம் கொடுக்க முடியாமல் பழைய குழுவுக்கே திரும்பி வருவான்! தனியாகப் போவது சுலபம். தனியாகப் போய், தன் குரல் இன்னதென்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

சிட்னியில் ஒரு சண்டை

சுசீலா ராமன் பிறந்தது 1973-ல். நாலு வயதில் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. வீட்டில் கர்நாடக சங்கீதப் பயிற்சி. சின்ன வயதிலேயே கச்சேரி செய்கிற அளவுக்குத் தேர்ச்சி. வெளியே சிட்னி நகரம். பள்ளித் தோழிகள் கேட்பது வேறு பாட்டு.

வயது வந்ததும் சொந்தமாக ஒரு குழு சேர்த்தார். 'பங்க்', ராக் அன் ரோல் என்று பாடினார். பிறகு புளூஸ், ஜாஸ் பக்கம் போனார்.

இங்கேதான் ஒரு தொழில் சிக்கல். கர்நாடக சங்கீதத்தில் குரல் சுருதியைப் பிடித்துக்கொண்டு, கமகத்தில் அசைந்து அசைந்து போக வேண்டும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊஞ்சல் மாதிரி. புளூஸ் பாட்டுக்கு அது போதாது. குரல் கரகரக்க வேண்டும், உடைய வேண்டும், சில சமயம் அழுவதா கத்துவதா என்று தெரியாத மாதிரி வர வேண்டும். இரண்டுக்கும் மூச்சு வேறு, தொண்டையைப் பிடிக்கும் விதமும் வேறு. ஒன்றைப் பழகப் பழக மற்றது கைநழுவும். இரண்டு மொழியில் வளர்கிற குழந்தையின் நாக்கு படும் பாடு இதுதான். நம் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

1995-ல் அவர் இந்தியாவுக்கு வந்தார். ஆச்சரியம் என்னவென்றால், போய்ச் சேர்ந்தது ஒரு தமிழ் வித்வானிடம் அல்ல. இந்துஸ்தானி இசையில் பெயர் பெற்ற சுருதி சடோலிகரிடம் பாடம் கேட்டார். சொந்த வீட்டுக்குள் போக வழி தெரியாதவர், பக்கத்து வீட்டு மாடி வழியாக இறங்கிப் போவதில்லையா, அந்த மாதிரி!

1997-ல் இங்கிலாந்து திரும்பினார். அங்கே சாம் மில்ஸ் என்ற கிதார் கலைஞரோடு சேர்ந்து இசையமைக்கத் தொடங்கினார். இவரே பின்னர் வாழ்க்கைத் துணையும் ஆனார். 1980-களின் தொடக்கத்தில் '23 ஸ்கிடூ' என்ற லண்டன் குழுவில் வாசித்தவர் சாம் மில்ஸ். முன்னே சொன்ன ஒற்றையடிப் பாதை ராக் குழுக்களில் அதுவும் ஒன்று. அவர் பிறகு வங்காளத்து பால் பாடகர் பபன் தாஸுடன் சேர்ந்து ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தார். ஆக, நாட்டுப் பாடகர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களை அமுக்காமல் வாசிக்கத் தெரிந்த கை அது.

இங்கே சங்கு நின்ற வருடம்

2001 பிப்ரவரி 28. தங்கவயல் மக்கள் இந்தத் தேதியை மறக்க மாட்டார்கள். பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட நாள். 3 கிலோ மீட்டருக்கும் ஆழமாகத் தோண்டிய சுரங்கத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கிற்று. ஷிப்டுக்கு ஊதிய சங்கு நின்றது. விடியுமுன்னே மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரெயிலில் பெங்களூருக்கு வேலை தேடிப் போகும் கூட்டம் பெருகிற்று.

அதே வருடம்தான் லண்டனில் சுசீலா ராமனின் முதல் தனி இசைத்தட்டு 'சால்ட் ரெயின்' வெளிவந்தது. 'உப்பு மழை' என்று பொருள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அந்த இசைத்தட்டை எடுக்கும்போதெல்லாம் அதன் மேல் போட்டிருக்கும் வருடம் கண்ணை உறுத்துகிறது.

அதில் என்ன இருக்கிறது? முத்துசுவாமி தீட்சிதரின் 'மகா கணபதிம்' இருக்கிறது. தியாகராஜரின் 'நகுமோமு' இருக்கிறது. நம் கன்னட நாட்டு அரண்மனை வித்வான் மைசூர் வாசுதேவாச்சாரியாரின் 'மாமவது' இருக்கிறது. கூடவே, டிம் பக்லி என்ற அமெரிக்கப் பாடகரின் பாட்டு ஒன்று. சொந்தமாக எழுதிய ஆங்கிலப் பாட்டுகள் சில. எல்லாம் ஒரே பந்தியில் பரிமாறப்பட்டிருக்கின்றன.

கீர்த்தனைக்குக் கிதார் வாசிப்பது புதிதல்ல. சினிமாவில் எத்தனையோ பார்த்துவிட்டோம். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. கச்சேரியில் தம்புரா என்ன செய்கிறது? ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே ஆதார சுருதியை மீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுருதிக்கு எதிரில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அதன் குணம் தெரிகிறது. மேல்நாட்டு கிதாரில் நாலு தட்டுக்கு ஒரு முறை 'கார்டு' மாறும். அது மாறும்போது பின்னணியே மாறிவிடுகிறது. ராகத்தின் முகம் கோணுகிறது. சேலை அதேதான், பின்னால் கட்டிய திரையை மாற்றி மாற்றி இழுத்தால் சேலையின் நிறம் எப்படித் தெரியும்?

'சால்ட் ரெயின்' தட்டில் பல இடங்களில் கிதார், தம்புராவின் வேலையைப் பார்க்கிறது. ஒரே சுருதியில் நின்று சுழல்கிறது. அதனால் ராகம் மூச்சு விடுகிறது. குரலும் அப்படியே. அவர் பாடகர்களின் வழக்கப்படி நிரவல், கல்பனா ஸ்வரம் என்று விரித்துப் பாடவில்லை. ஒரு வரியை எடுத்து, அதையே காதருகில் சொல்கிற மாதிரி, திரும்பத் திரும்பச் சொல்கிறார். சாஸ்திரம் தெரிந்தவர்கள் முகம் சுளிக்கலாம். 'நகுமோமு'வில் எனக்கே கொஞ்சம் அவசரம் தெரிந்தது. ஆனால் 'மாமவது' கேட்டபோது, ஒரு குழந்தை அடுப்படியில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுக்கும் சரஸ்வதி துதி போலத்தான் இருந்தது.

பரிசு போன இரவு

இங்கிலாந்தில் 'மெர்க்குரி' பரிசு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடமும் அந்த நாட்டிலும் அயர்லாந்திலும் வெளியான இசைத்தட்டுகளில் 12-ஐப் பொறுக்கி எடுப்பார்கள். அதிலிருந்து ஒன்றுக்குப் பரிசு. 2001-ம் ஆண்டு பொறுக்கிய தட்டுகளில் 'சால்ட் ரெயின்' இடம்பெற்றது. சமஸ்கிருத, தெலுங்குக் கீர்த்தனைகள் உள்ள ஒரு தட்டு, 'ரேடியோஹெட்' போன்ற பெரிய ராக் குழுவின் தட்டுக்குப் பக்கத்தில்!

பரிசளிப்பு நாள் எது தெரியுமா? 2001 செப்டம்பர் 11. அன்றுதான் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் சரிந்தன. பரிசு பி.ஜே.ஹார்வி என்ற ஆங்கிலேய ராக் பாடகிக்குப் போயிற்று. அவரும் தொடக்கத்தில் மூவர் குழுவாக இருந்து, 1993-க்குப் பிறகு தனிவழி போனவர்தான். அன்று அவர் கச்சேரிக்காகப் போயிருந்தது வாஷிங்டனுக்கு. பென்டகன் கட்டிடம் புகைந்துகொண்டிருந்த அதே ஊரிலிருந்து தொலைபேசியில் பரிசை ஏற்றுக்கொண்டார். அந்த இரவில் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று உலகம் கவனிக்கவில்லை.

மறு வருடம் பி.பி.சி. வானொலியின் உலக இசை விருதுகளில், சிறந்த புதுமுகம் என்ற பரிசு சுசீலா ராமனுக்குக் கிடைத்தது.

அடுத்தடுத்துத் தட்டுகள் வந்தன. 2003-ல் 'லவ் டிராப்'. அதில் முகேஷின் ரசிகர்களுக்கு ஒரு விருந்து உண்டு. 1958-ல் வந்த 'யஹூதி' இந்திப் படத்தின் 'ஏ மேரா தீவானாபன் ஹை' பாட்டை இவர் பாடியிருக்கிறார். பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் பழைய டீக்கடைகளில் இந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த பெரியவர்களுக்கு, இந்த வடிவம் பிடிக்குமா, பிடிக்காதா என்று சொல்ல எனக்குத் துணிவில்லை! மீரா நாயர் தன் 'நேம்சேக்' படத்தில் இதைச் சேர்த்துக்கொண்டார். அதுவும், அயல்நாட்டில் குடியேறிய ஒரு வங்காளிக் குடும்பத்துப் பையனின் கதை.

2005-ல் 'மியூசிக் பார் கிரோகடைல்ஸ்'. முதலைகளுக்கான இசை! இதில் ஒரு பகுதி சென்னையிலேயே பதிவாயிற்று. 2007-ல் வந்த தட்டின் பெயர் '33 1/3'. கிராமபோன் பெட்டி வைத்திருந்த வீட்டார்களுக்கு அந்தக் கணக்கு விளங்கும். பெரிய இசைத்தட்டு நிமிடத்துக்கு 33 1/3 சுற்று சுற்றும். பாப் டிலன், ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜான் லெனன் என்று, அவர் கேட்டு வளர்ந்த ராக் பாட்டுகளை அதில் திரும்பப் பாடினார். எனக்கு இந்தத் தட்டு ஒட்டவில்லை. ஒரிஜினல் பாட்டு காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இங்கே ஓர் இடைச்செருகல். இந்திய மண்ணில் பிறந்தும் வளர்ந்தும், ஆங்கிலப் பாட்டில் கொடி நாட்டியவர்கள் பலர் உண்டு. கிளிப் ரிச்சர்டு 1940-ல் லக்னோவில் பிறந்தவர். எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் 1936-ல் நம் சென்னையில் பிறந்தவர். 'குயின்' குழுவின் பிரெடி மெர்க்குரி மகாராஷ்டிரத்தில் பஞ்சகனி பள்ளியில் படித்தவர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் கிளப் நடனங்களும் நிறைந்திருந்த தங்கவயலில் இவர்கள் பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இவர்கள் புகழ்பெற்ற பாட்டில் லக்னோவும் சென்னையும் பஞ்சகனியும் எங்கே கேட்டன? அந்தக் காலத்தில் அதை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டால்தான் வெளியே மரியாதை. காலம் மாறிற்று. 2005-ல் மாயா அருள்பிரகாசம் என்ற ஈழத்துப் பெண், லண்டனில் வெளியிட்ட முதல் இசைத்தட்டுக்கு 'அருளர்' என்று தந்தையின் பெயரையே வைத்தார்.

வேல்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

'சால்ட் ரெயின்' வந்தபோது சுசீலா ராமன் எடுத்துக்கொண்டது, குழந்தைப் பருவத்தில் பாடம் செய்த கீர்த்தனைகள். அவை சபாவின் சொத்து, சமஸ்கிருதமும் தெலுங்கும். தமிழ்ப் பெண்ணின் முதல் தட்டில் தமிழுக்கு மூலையில்தான் இடம். அது அவர் குற்றமல்ல. கர்நாடக சங்கீத மேடையில் தமிழுக்கு இடம் கேட்டு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் காலத்தில், 1940-களில், ஓர் இயக்கமே நடத்த வேண்டியிருந்ததே!

அதற்குப் பின்னால் அவர் தமிழ்நாட்டுக்கு வந்து வந்து போனார். சபா வாசலில் நின்றுவிடவில்லை. கோவில்களிலும் திருவிழாக்களிலும் பக்திப் பாட்டுப் பாடுகிறவர்களைத் தேடிப் போனார். தைப்பூசத்துக்குப் பாடும் பாட்டு, பால்குடம் எடுக்கும்போது பாடும் பாட்டு, காவடிக்குப் பாடும் பாட்டு. நமக்குப் பழக்கமான உலகம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகும் கூட்டத்தோடு நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். முன்னால் ஒருவர் ஓர் அடி எடுத்துக் கொடுப்பார். பின்னால் நூறு பேர் திருப்பிச் சொல்வார்கள். முதலில் நிதானமாக இருக்கும். பம்பைக்காரர் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். கால் வலி மறக்கும். ஒரு கட்டத்தில் பாடுகிறவர் பாடுகிறாரா, பாட்டு அவரைப் பாடுகிறதா என்று தெரியாது. யாராவது ஒருவருக்கு அருள் வந்துவிடும்.

சிட்னியில் ராக் பாடிய பெண் இதைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார்? குரல் உடைய வேண்டும், கரகரக்க வேண்டும், கத்த வேண்டும் என்று அவர் புளூஸில் தேடிக் கற்றதெல்லாம் இங்கே சொந்த மொழியில் இருக்கிறது! சபாவின் கண்ணியத்துக்குள் அடங்காத குரல், முருகன் கோவில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது! அவருக்குள் பதினைந்து இருபது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு தொண்டையும் அங்கேதான் ராசியாயின என்று எனக்குத் தோன்றுகிறது.

2011-ல் 'வேல்' என்றே பெயரிட்டு இசைத்தட்டு வெளியிட்டார். லண்டன் கடையில் 'வேல்' என்று ஒரு தட்டு! அதில் 'பால்' என்று ஒரு பாட்டு. பாலும் பழமும் படைத்து முருகனைக் கூப்பிடும் பாட்டு. சாம் மில்ஸின் கிதார் மெல்ல ஆரம்பிக்கிறது. தபேலா சேர்கிறது. பாட்டு நடக்கிறது, பிறகு ஓடுகிறது, பிறகு சுழல்கிறது. கடைசியில் வெறும் கூக்குரல். பி.பி.சி. தொலைக்காட்சியில் ஜூல்ஸ் ஹாலண்டு நடத்தும் இசை நிகழ்ச்சியிலும் இதைப் பாடினார். உலகத்தின் பெரிய ராக் பாடகர்கள் வந்து நிற்கும் மேடை அது. அங்கே, கீழே விழுந்துவிடுவாரோ என்று பயப்படும்படி தலையைச் சுழற்றி ஆடிக்கொண்டு, தமிழில் முருகனைக் கூப்பிட்டார்.

உச்சரிப்பு சில இடங்களில் இடறுகிறது. அதை மறைப்பானேன்? ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இடறவில்லை?

இதற்குப் பிறகும் அவர் ஓரிடத்தில் உட்காரவில்லை. 2014-ல் வந்த 'குயின் பிட்வீன்' தட்டுக்காக லாகூர் கவ்வாலிப் பாடகர்களோடும் ராஜஸ்தான் கலைஞர்களோடும் சேர்ந்து பாடினார். கவ்வாலியிலும் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர் கைதட்டித் திருப்பிச் சொல்வதுதான் முறை. அடுத்து ஜாவாத் தீவு. கேமலான் என்னும் வெண்கலத் தாள வாத்தியங்கள் அங்கே பிரசித்தம். ஒரு செட் வாத்தியத்தின் சுருதி இன்னொரு செட்டோடு பொருந்தாது. ஒவ்வொன்றும் தனித்தனியாக இழைத்துச் சேர்த்தவை. பாடுகிறவர்தான் தன் குரலை அதற்கு வளைத்துக் கொடுக்க வேண்டும். அந்த வாத்தியக்காரர்களோடு சேர்ந்து 2018-ல் 'கோஸ்ட் கேமலான்' தட்டு வெளியிட்டார். அவர் போன ஊர் சுரகர்த்தா. அந்த ஊருக்கு மக்கள் வழங்கும் பெயர் என்ன தெரியுமா? 'சோலோ'!

எதிர்வீட்டு மாமா

எங்கள் லைனில் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லாருக்கும் மாமா. சாம்பியன் ரீப் சுரங்கத்தில் 'அண்டர்கிரவுண்டு' வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் கிருத்திகைக் கூட்டத்துக்கு முன்னால் நின்று பாட்டு எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். இப்போது மூச்சு வாங்குகிறது. சுரங்கத் தூசு நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. பாடுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இந்த 'பால்' பாட்டைப் போட்டுக் காட்டினேன். செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார். முகத்தைச் சுளித்தார்.

"இன்னாப்பா இது? சாமி வந்த மாதிரி கத்துது இந்தப் பொண்ணு! எந்த ஊரு?"

"லண்டன் மாமா. அப்பா அம்மா தஞ்சாவூர்."

"மறுபடி போடு."

இரண்டாம் முறை கேட்கும்போது, கட்டிலின் விளிம்பில் அவர் விரல் தாளம் போட்டது. முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மெதுவா எடுத்து, அப்புறமா ஏத்துறா பாத்தியா? தெரிஞ்சவங்ககிட்டதான் கத்துக்கினு இருக்கா. மலை ஏற மூச்சு வேணுமில்ல, முதல்லயே ஓடிட்டா அவ்ளோதான்" என்றார். பிறகு, "ஒண்ணுதான் கொற. கூடச் சொல்ல ஆளு இல்லியே. 'அரோகரா' போட ஆளு இல்லாம இன்னா பாட்டு?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. தனிப்பாட்டு என்றால் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னதும் சரிதான் என்று பட்டது.

மூன்றாம் முறை போட்டேன். பாட்டு வேகம் எடுக்கும் இடத்தில், மூச்சைச் சேர்த்துக்கொண்டு, போனைப் பார்த்து ஒரு முறை "அரோகரா" என்றார் மாமா. இருமல் வந்துவிட்டது. அத்தை உள்ளேயிருந்து தண்ணீரோடு ஓடி வந்தார்.

அவருடைய பேரன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். தினமும் போய் வருகிறவன். காதில் எப்போதும் ஏதாவது ஆங்கிலப் பாட்டு மாட்டியிருக்கும். ராத்திரி அவன் வந்ததும், இந்தப் பாட்டை அவன் போனிலும் ஏற்றிக் கொடு என்று மாமா சொல்லி அனுப்பினார். "காலைல ரெயில்ல ரெண்டு மணி நேரம் சும்மாதான குந்திக்கினு போறான்."